தம்மையறியாத இனச்சாய்வைச் சோதனையால் அளக்க முடியுமா?

கேட்கப்பட்டிருக்கும் கேள்வி இதுதான். இனக்குழுக்களைப் பற்றி ஒருவர் தம்மையறியாமல் கொண்டிருக்கும் மனப்பான்மையைக் கணினித் திரையில் சில நிமிடங்களில் அளந்து காட்டுவதாகச் சொல்லும் சோதனையைச் செய்து பார்த்த ஒருவருக்கு, கறுப்பினத்தவரைவிட வெள்ளையரிடம் அவருக்கு வலுவான விருப்பம் இருக்கிறது என்ற முடிவு வந்திருக்கிறது. அப்படியொரு வேற்றுமையைத் தம் மனத்தில் அவர் ஒருபோதும் உணர்ந்ததில்லை. முடிவை நம்புவதா, தள்ளிவிடுவதா, தாம் இனவாதி என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா என்று கலங்கிப்போய்க் கேட்கிறார்.

அந்தச் சோதனை, பெரும்பாலும் 'உள்ளுறை இணைவுச் சோதனை' (Implicit Association Test) எனப்படுவதாகத்தான் இருக்கும், வெறும் விளையாட்டன்று. அது உண்மையாகவே ஏதோ ஒன்றை அளக்கிறது. பல்லாயிரம் பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு சமூகத்தைப் பற்றி அது நிறையவே சொல்கிறது. ஆனால் தனி ஒருவரிடம் ஒருமுறை எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டு அவருடைய உள்ளத்தின் உண்மை முகம் இதுதான் என்று தீர்ப்பெழுதும் வலிமை அதற்கு இல்லை. அது அளப்பது 'நனவிலி' மனத்தை, அதாவது தமக்கே தெரியாத ஆழ்மனத்தைத்தான் என்ற கூற்றோ, இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகளில் மிகவும் பலவீனமானவற்றின் மேல் நிற்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, இந்த அளவீடு எந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மனப்பான்மையை அளக்கலாம் என்ற எண்ணம் ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. அமெரிக்கச் சமூகவியலாளர் எமரி போகார்டஸ் 1925-இல் சமூகத் தொலைவு அளவுகோலை வெளியிட்டார். ஓர் இனத்தவரைத் திருமண உறவாக ஏற்பீர்களா, அண்டை வீட்டாராக ஏற்பீர்களா, நாட்டுக்குள் விடவே மாட்டீர்களா என்று படிப்படியாகக் கேட்கும் முறை அது. லூயி தர்ஸ்டன் 1928-இலும் ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இலும் தத்தம் அளவுகோல்களை உருவாக்கினர். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை, கேட்டதற்கு மனிதர் சொல்லும் விடையையே இவை நம்பியிருந்தன என்பது. சொல்லும் செயலும் எவ்வளவு விலகி நிற்கலாம் என்பதை ரிச்சர்ட் லாப்பியர் 1934-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சீனக் கணவன் மனைவி இருவருடன் அமெரிக்கா முழுவதும் பயணம் செய்த அவர், அவர்களோடு சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில் மட்டுமே அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டதைக் கண்டார். பின்னர், சீனரை ஏற்பீர்களா என்று அதே இடங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் அனுப்பிய 128 இடங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மாட்டோம் என்றன. கடிதத்துக்குப் பதில் எழுதியவரும் வாசலில் வரவேற்றவரும் ஒரே ஆள்தானா என்ற நியாயமான ஐயம் இந்த ஆய்வின் மேல் உண்டு. ஆயினும் வினாத்தாளில் கிடைக்கும் விடையை நடத்தையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பாடம் நிலைத்துவிட்டது.

அதற்கடுத்த காலத்தில் சிக்கல் தலைகீழானது. இனப்பாகுபாடு வெட்கக்கேடானது என்ற கருத்து பரவியபின், வெறுப்பை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே நல்ல விடை சொல்வோர் பெருகினர். 1971-இல் எட்வர்ட் ஜோன்சும் ஹரால்டு சிகாலும் ஒரு பொய்க் கருவியைப் பயன்படுத்தும் முறையை முன்வைத்தனர். உண்மையான எண்ணத்தைத் தசை அசைவிலிருந்தே கண்டுபிடித்துவிடும் இயந்திரம் என்று நம்பவைத்துக் கேட்டால் மனிதர் மறைக்காமல் பேசுவர் என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டு சிகால் இன்னொருவருடன் சேர்ந்து செய்த ஆய்வில், அந்தக் கருவியில் பிணைக்கப்பட்ட வெள்ளை மாணவர்கள் கறுப்பினத்தவரைப் பற்றி, கருவியின்றிக் கேட்கப்பட்ட மாணவர்கள் சொன்னதைவிடப் பாதகமாகச் சொன்னார்கள். இதில் வெளிப்பட்டது நனவிலி அன்று. தெரிந்தே மறைத்த எண்ணம். மறைத்த எண்ணம், தமக்கே தெரியாத எண்ணம் ஆகிய இரண்டும் வேறு வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் இந்தத் துறையில் எழுந்த குழப்பங்களில் பாதி, இவ்விரண்டையும் ஒன்றாக்கியதால் வந்தவை.

1980-களில் அறிதல்சார் உளவியல் வேறொரு வழியைத் திறந்தது. மனத்தில் நெருங்கிப் பிணைந்திருக்கும் இரண்டு கருத்துகளில் ஒன்று தூண்டப்பட்டால் மற்றதை அடையாளம் காண்பது சில மில்லிநொடிகள் விரைவாக நடக்கிறது. ரசல் ஃபேசியோவும் அவருடைய குழுவினரும் 1986-இல் இதை மனப்பான்மைக்குப் பொருத்தினர். 1995-இல் இனத்துக்குப் பொருத்தினர். கறுப்பு அல்லது வெள்ளை முகம் ஒன்று கணநேரம் காட்டப்படும். தொடர்ந்து ஒரு பெயரடை வரும். அது நல்ல சொல்லா, கெட்ட சொல்லா என்று பொத்தானை அழுத்த வேண்டும். எந்த முகத்துக்குப் பின் கெட்ட சொல்லை விரைந்து இனங்காண்கிறார் என்பதே அளவு. கீத் பெய்ன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட முறை இதற்கு உறவுடையது. முகத்தைக் காட்டியபின் ஒரு சீன எழுத்தைக் காட்டி, அந்த எழுத்து இனிமையாக இருக்கிறதா என்று கேட்பர். முகம் உங்கள் விடையைப் பாதிக்க விடாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் பாதிக்கிறது என்பதுதான் இதில் வியப்பு.

இவற்றையெல்லாம் பின்னுக்குத் தள்ளிப் புகழ்பெற்றது 1998-இல் ஆந்தனி கிரீன்வால்ட், டெபி மக்கீ, ஜோர்டன் ஷ்வார்ட்ஸ் மூவரும் வெளியிட்ட உள்ளுறை இணைவுச் சோதனை. கேள்வி கேட்டவர் செய்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். மஹ்சரின் பனாஜி, பிரையன் நோசெக் ஆகியோருடன் கிரீன்வால்ட் அதே ஆண்டில் இதை இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அந்தத் தளத்தின் இன்றைய பெயர் ப்ராஜெக்ட் இம்ப்ளிசிட். சோதனை ஏழு கட்டங்களாக நடக்கிறது. முதலில் முகங்களை மட்டும், பிறகு நல்ல சொற்கள், கெட்ட சொற்களை மட்டும் இடப்பொத்தானாலும் வலப்பொத்தானாலும் பிரித்துப் பழக வேண்டும். அதன்பின் இரண்டும் கலந்து வரும். ஒரு சுற்றில் வெள்ளை முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே பொத்தான், கறுப்பு முகத்துக்கும் கெட்ட சொல்லுக்கும் மற்றொரு பொத்தான். இன்னொரு சுற்றில் இந்த இணைப்பு மாறிவிடும். எந்த இணைப்பில் கை தடுமாறித் தாமதிக்கிறதோ, அந்த இணைப்பு அவர் மனத்துக்குப் பழக்கமில்லாதது என்று கொள்ளப்படுகிறது. முதல் ஆய்வில் பூக்களையும் பூச்சிகளையும் வைத்து இதைச் சரிபார்த்தார்கள். பூவையும் இனிய சொற்களையும் ஒரே பொத்தானில் வைத்தால் ஏறத்தாழ எல்லோருக்கும் எளிது, பூச்சிக்கு அப்படிச் செய்தால் கடினம். அடுத்து ஜப்பானிய வழி, கொரிய வழி அமெரிக்கர்களிடம் செய்து பார்த்தபோது, இரு சாராருமே தத்தம் குழுவை இனிய சொற்களோடு விரைவாக இணைத்தனர்.

மதிப்பெண்ணைக் கணக்கிடும் இன்றைய முறை 2003-இல் வகுக்கப்பட்டது. இரண்டு சுற்றுகளின் சராசரி நேர வேறுபாட்டை, அந்த நபருடைய எதிர்வினை நேரங்களின் திட்ட விலக்கத்தால் (அந்த நேரங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) வகுக்கிறார்கள். பத்து நொடிக்கு மேல் ஆன விடைகளை விலக்குகிறார்கள். பத்தில் ஒரு பங்குக்கும் மேலான விடைகளை 300 மில்லிநொடிக்குள் தட்டிவிட்டவரின் முழுத் தரவையுமே ஒதுக்குகிறார்கள். வரும் எண் 0.15-ஐத் தொட்டால் 'சிறிது', 0.35 என்றால் 'மிதம்', 0.65 என்றால் 'வலுவானது' என்று பெயரிடுவது வழக்கமாயிற்று. இந்த எல்லைகள் புள்ளியியல் மரபை ஒட்டி வைக்கப்பட்டவை. 0.65 எடுத்தவர் வாழ்க்கையில் இன்னவாறு நடந்துகொள்வார் என்று கவனித்து அதன் அடிப்படையில் யாரும் இந்தக் கோடுகளைப் போடவில்லை. 'வலுவான விருப்பம்' என்ற சொற்றொடர் மனத்தைத் தைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லின் கனம் அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணுக்கு இல்லை.

இனி அந்த எண் எவ்வளவு நிலையானது என்று பார்ப்போம். ஒரே நபரிடம் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுத்தால் இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையிலுள்ள ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதைக் காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை) ஏறத்தாழ 0.5 என்றே பல ஆய்வுகள் காட்டுகின்றன. பெர்ட்ரம் கவ்ரான்ஸ்கி குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சோதனை போன்ற மறைமுக அளவீடுகளுக்கு அது 0.54, நேரடியாகக் கேட்கும் வினாத்தாள்களுக்கு 0.75. 0.5 என்றால், ஆளுக்கு ஆள் மதிப்பெண்ணில் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மட்டுமே நிலையான ஒன்றிலிருந்து வருகிறது. மீதி அந்த நாள், அந்த மனநிலை, எந்த இணைப்பு முதலில் வந்தது என்பது போன்றவற்றால் வருவது. காலையில் ஓர் எடையும் மாலையில் வேறோர் எடையும் காட்டும் தராசை வைத்து ஊர் மக்களின் சராசரி எடையை ஓரளவு சரியாகவே சொல்லிவிடலாம்; ஒரு நோயாளிக்கு மருந்தளவைத் தீர்மானிக்க அதை நம்ப மாட்டோம். 'மிதம்' என்பதற்கும் 'வலுவானது' என்பதற்கும் நடுவே உள்ள இடைவெளி 0.30 மட்டுமே. அடுத்த மாதம் அதே நபர் வேறொரு பெயருக்குள் போய் நிற்பது மிக இயல்பானது.

நிலைத்தன்மையைவிட எனக்குப் பெரிதாகப் படும் கேள்வி வேறு: விரைவுக்கு வெறுப்பு ஒன்றுதான் காரணமா? பாட்ரிசியா டிவைன் 1989-இலேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஓர் இனத்தைப் பற்றிச் சமூகத்தில் உலவும் இழிவான படிமங்கள், அந்த இனத்தை வெறுப்பவருக்கும் வெறுக்காதவருக்கும் ஒரே அளவு தெரிந்திருக்கின்றன. இருவரும் வேறுபடுவது அவற்றை ஏற்கிறார்களா, மறுக்கிறார்களா என்பதில்தான். செய்தியிலும் திரையிலும் திரும்பத் திரும்பக் கண்ட இணைப்பு கையின் விரைவில் தெரிகிறது என்றால், அது ஊர் சொல்வதன் பதிவா, தம் சொந்த எண்ணமா? இதற்குச் சோதனையால் விடை சொல்ல இயலாது. 2006-இல் எரிக் உல்மன் குழுவினர் இன்னும் கூர்மையான ஐயத்தை எழுப்பினர். கற்பனையான ஒரு குழுவை ஒடுக்கப்பட்டோர் என்ற பொருளுடைய சொற்களோடு இணைத்துப் பழக்கினால், அந்தக் குழுவுக்கு எதிர்மறையான மதிப்பெண் வருகிறது. அதாவது அநீதிக்கு ஆளானவர்கள் என்று பரிவோடு நினைப்பதுகூட எதிர்மறை இணைவாகப் பதிவாகலாம். இத்துடன் கிளவுஸ் ரோதர்முண்டும் டிர்க் வென்டுராவும் 2004-இல் முன்வைத்த விளக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்ணில் தனித்துத் தெரிவதும் பழக்கமில்லாததும் ஒரு பக்கமாக அணிசேர்வதால் மட்டுமே விரைவில் வேறுபாடு வரலாம், அதற்கு விருப்பு வெறுப்பு தேவையில்லை என்பது அவர்கள் கருத்து. இந்த விளக்கங்களில் எதுவும் சோதனையை முற்றிலும் செல்லாததாக்கிவிடவில்லை. ஆனால் ஒரே எண்ணுக்குள் பல காரணங்கள் கலந்திருக்கின்றன என்பதை மறுக்கவும் முடியாது.

கறுப்பின அமெரிக்கர்களின் முடிவுகள் இந்த இடத்தில் சிந்திக்க வைக்கின்றன. நேரடியாகக் கேட்டால் தம் இனத்தையே தெளிவாக விரும்புவதாகச் சொல்லும் அவர்கள், இந்தச் சோதனையில் ஒரு குழுவாக அந்த விருப்பத்தைக் காட்டுவதில்லை; அவர்களுடைய மதிப்பெண்கள் இருபுறமும் பரந்து கிடக்கின்றன. இணையத்தில் திரட்டிய பெருந்தரவை வைத்து நோசெக், பனாஜி, கிரீன்வால்ட் 2002-இல் இதை வெளியிட்டனர். தம்மையே இழிவாகக் கருதும் ஆழ்மனம் என்று இதைப் படிப்பவர் உண்டு. வாழும் சூழல் ஒவ்வொருவர் மேலும் பூசிவிட்டிருக்கும் சாயம் என்று படிப்பதே சரி என்று நான் கருதுகிறேன்.

இப்போது 'நனவிலி' என்ற அடைமொழிக்கு வருவோம். அளக்கும் முறை மறைமுகமானது என்பதால் அளக்கப்படும் பொருளும் அறியப்படாதது என்று ஆகிவிடாது. ஃபேசியோவும் மைக்கேல் ஓல்சனும் 2003-லேயே இந்த எச்சரிக்கையைத் தந்தனர். 2014-இல் ஆடம் ஹான் தலைமையில் நடந்த ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. ஐந்து சமூகக் குழுக்களைப் பற்றிய சோதனைகளில் தமக்கு என்ன மதிப்பெண் வரும் என்று பங்கேற்பாளர்களை முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னார்கள். அந்த ஊகம் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தது. வெளிப்படையான கருத்துகளாக அவர்கள் சொன்னவையோ அதிலிருந்து விலகி நின்றன. தம்முள் தன்னியல்பாக எழும் முதல் சலனத்தை அவர்கள் அறிந்திருக்கிறார்கள், ஆனால் அதைத் தம் கருத்தாக ஏற்பதில்லை என்பதே இதன் பொருள். ஆகவே 'தன்னிச்சையான இணைவு' என்று சொல்வது பொருந்தும். 'தமக்கே தெரியாத ஆழ்மன வெறுப்பு' என்பது சான்று தாங்காத சொல். கேள்வி கேட்டவர் தம்மிடம் அப்படி எதையும் உணர்ந்ததில்லை என்கிறார். உணராததற்குக் காரணம் அது எங்கோ புதைந்து கிடப்பதாகவும் இருக்கலாம். அவர் கவனம் அங்கே போனதில்லை என்பதாகவும் இருக்கலாம். அன்றைய மதிப்பெண்ணே தவறாகவும் இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும், இந்த எண் நடத்தையை முன்னறிவித்தால் அதற்கு மதிப்பு உண்டு. இங்கேதான் துறையினரிடையே கடுமையான வாதம் நடந்திருக்கிறது. கிரீன்வால்டும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் 122 ஆய்வறிக்கைகளைத் தொகுத்தபோது, சோதனை மதிப்பெண்ணுக்கும் நடத்தை முதலியவற்றுக்கும் உள்ள சராசரி ஒட்டுறவு 0.27 என்று வந்தது. ஃபிரெடெரிக் ஆஸ்வால்ட் குழுவினர் 2013-இல் இனம் சார்ந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக் கணக்கிட்டபோது அது 0.15 அளவுக்கு இறங்கியது. பெனெடெக் குர்டி குழுவினர் 2019-இல் 217 அறிக்கைகளைத் தொகுத்தபோது 0.10 என்று ஆனது. 0.27 என்றால் மனிதரிடையே நடத்தையில் காணும் வேறுபாட்டில் சுமார் 7 விழுக்காட்டையும், 0.10 என்றால் 1 விழுக்காட்டையும் மட்டுமே இந்த மதிப்பெண் விளக்குகிறது. சிறிய தாக்கமும் கோடிக்கணக்கான முடிவுகளில் சேரும்போது பெரிதாகும் என்று கிரீன்வால்ட் தரப்பு பதிலளிக்கிறது. அது நியாயமான வாதமே. நடத்தையும் மதிப்பெண்ணும் ஒரே பொருளைப் பற்றியவையாகப் பொருந்தி அமைந்த ஆய்வுகளில் ஒட்டுறவு கூடுகிறது என்று குர்டி குழுவினர் கண்டதையும் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வாதங்கள் எல்லாம் கூட்டத்தைப் பற்றியவை. தனி மனிதர் நாளை யாரிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதை 0.10 சொல்லாது.

மதிப்பெண்ணை மாற்றினால் நடத்தை மாறுமா என்பதற்கும் விடை ஊக்கம் தருவதாக இல்லை. கால்வின் லாய் தலைமையில் 2016-இல் வெளியான ஆய்வில், ஒன்பது வழிமுறைகள் மதிப்பெண்ணை உடனடியாகக் குறைத்தன. சில மணிநேரம் முதல் சில நாள்களுக்குள் அத்தனையின் விளைவும் மறைந்துபோயிற்று. பாட்ரிக் ஃபோர்ஷர் குழுவினர் 2019-இல் 492 ஆய்வுகளை, 87,418 பங்கேற்பாளர்களின் தரவோடு தொகுத்தனர். மறைமுக மதிப்பெண்களை மாற்ற முடிகிறது என்றும், ஆனால் அந்த மாற்றம் நடத்தையில் மாற்றத்தைக் கொண்டுவருவதாகத் தெரியவில்லை என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தனர். நிறுவனங்கள் ஊழியர்களை ஒரு பிற்பகல் அமர்த்திவைத்து இந்தச் சோதனையைக் காட்டி, பாகுபாட்டை ஒழித்துவிட்டதாக அறிக்கை விடும் வழக்கம் எனக்குக் கவலை தருவதற்கு இந்தத் தொகுப்பே காரணம்.

அப்படியானால் இந்த அளவீட்டின் உண்மையான பயன் எங்கே இருக்கிறது? பெய்ன், ஹெய்டி வுலெடிச், கிறிஸ்டன் லண்ட்பெர்க் ஆகியோர் 2017-இல் தந்த விளக்கம் எனக்கு மிகவும் ஏற்புடையது. தனி மனிதரின் மதிப்பெண் அலைபாய்கிறது. ஆனால் ஒரு வட்டாரத்தின் சராசரி உறுதியாக நிற்கிறது. எனவே இந்தச் சாய்வு ஆளின் குணம் என்பதைவிட இடத்தின் குணம் என்று கொள்ள வேண்டும் என்கிறார்கள் அவர்கள். இதற்கு வலுவான சான்று 2019-இல் வந்தது. 1860-இல் மக்கள்தொகையில் அடிமைகளின் பங்கு அதிகமாக இருந்த அமெரிக்க மாவட்டங்களில், இன்று வாழும் வெள்ளையரின் சராசரி மதிப்பெண்ணும் வெள்ளையர் பக்கம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கொடுமையின் தடம், அதை நேரில் காணாதவர்களுடைய விரல்களின் விரைவில் தெரிகிறது. காலப்போக்கையும் இதே போலப் பார்க்கலாம். டெசா சார்ல்ஸ்வர்த்தும் பனாஜியும் 2007 முதல் 2016 வரையிலான 44 லட்சம் சோதனைகளை ஆராய்ந்து, இனம் சார்ந்த மறைமுகச் சாய்வு நடுநிலையை நோக்கி 17 விழுக்காடு நகர்ந்திருப்பதைக் கண்டனர். தாமாக இணையத்துக்கு வந்து சோதனை செய்தவர்களின் தரவு இது என்பதால், நாட்டு மக்கள் எல்லோருக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது.

பாகுபாடு எவ்வளவு நடக்கிறது என்று அறிய விரும்பினாலோ, உள்ளத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. செயலை நேராக அளக்கலாம். மரியான் பெர்ட்ரானும் செந்தில் முல்லைநாதனும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டனிலும் சிகாகோவிலும் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதிகள் ஒத்தவை, பெயர் மட்டும் வெள்ளையர் பெயராகவோ கறுப்பினத்தவர் பெயராகவோ தோன்றும்படி வைக்கப்பட்டது. வெள்ளையர் பெயருக்கு 50 விழுக்காடு அதிகமான அழைப்புகள் வந்தன. லிங்கன் குவில்லியன் குழுவினர் 1989-க்குப் பிந்தைய இத்தகைய கள ஆய்வுகளைத் தொகுத்து, கறுப்பின அமெரிக்கர்களுக்கு எதிரான வேலைவாய்ப்புப் பாகுபாடு கால் நூற்றாண்டாகக் குறையவே இல்லை என்று 2017-இல் காட்டினர். இந்த ஆய்வையும் சார்ல்ஸ்வர்த்தின் ஆய்வையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மறைமுக மதிப்பெண் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததாகத் தெரியும் ஆண்டுகள் பலவற்றில் வேலைக்கு அழைப்பதில் இருந்த அநீதி அசையாமல் நின்றிருக்கிறது. இரண்டும் வேறு வேறு மக்களிடம் எடுத்தவை என்றாலும், ஒன்றை மற்றதற்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இது போதும்.

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்களுக்கு வந்த முடிவு நீங்கள் இனவாதி என்பதற்குச் சான்று அன்று. நடுநிலை என்று வந்திருந்தாலும் நீங்கள் நியாயமாக நடப்பவர் என்பதற்கு அது சான்றாகியிருக்காது. விரும்பினால் சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை செய்து சராசரியைப் பாருங்கள். ஒற்றை எண்ணைவிட அது பொருளுடையது. உங்கள் பணியில் பிறரைத் தேர்ந்தெடுக்கவோ மதிப்பிடவோ வேண்டியிருந்தால், மதிப்பெண்ணை மறந்துவிட்டு உங்கள் முடிவுகளையே எடுத்துப் பாருங்கள்: யாரை அழைத்தீர்கள், யாரை விட்டீர்கள், எந்தக் காரணம் எழுதினீர்கள். விண்ணப்பத்தைப் படிக்கும்போது பெயரை மறைப்பது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பது, அளவுகோலை ஆட்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைப்பது ஆகியவை, உள்ளத்தில் என்ன சலனம் எழுந்தாலும் அது முடிவுக்குள் நுழையும் வாய்ப்பைக் குறைக்கின்றன. இந்தச் சோதனையின் மதிப்பெண்ணைக் காட்டி ஒருவரை வேலைக்கு எடுக்கவோ, நீக்கவோ, ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தவோ யாரேனும் முனைந்தால் மறுத்து நில்லுங்கள். தனி நபரைப் பற்றிய அத்தகைய முடிவுகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சோதனையை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.